வீரனுக்குக் குரல் வேண்டாம்

"அந்தக் குரலை ஒழிச்சுக் கட்டாம நான் ஓய மாட்டேன்" என்று மகள் ஹாலில் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அப்பா டம்ளரில் ஊற்றிய வெந்நீர் பாதி மேடையில் கொட்டியது.

ஒழிக்க வேண்டிய அந்தக் குரல் அவருடையதுதான். அதை அவர் மகளிடம் சொல்லவில்லை.

அவர் டப்பிங் கலைஞர். கார்ட்டூன் கரடி, பற்பசை விளம்பரம் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு பெரிய வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தில் கதாநாயகனாகப் பேசும் வாய்ப்பு வந்தது. வெளியே மூச்சு விடக் கூடாது என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அது மகள் உயிரை விடும் கேம். வெளிவரும் அன்று அவளை அசத்திவிடலாம் என்று இவரும் வாயை மூடிக்கொண்டார்.

முதல் பாகத்தில் அந்த வீரன் வாயே திறக்க மாட்டான். யாராவது ஏதாவது கேட்டால் திரையில் பத்துப் பன்னிரண்டு பதில்கள் வரும். பணிவு, நக்கல், பச்சைப் பொய், எல்லாம் இருக்கும். மகள் ஒவ்வொன்றாகப் படித்து, கன்னத்தில் கைவைத்து யோசித்து, தான் சொல்ல நினைப்பதைத் தேர்ந்தெடுப்பாள். அந்த வீரன் அவள்தான்.

இரண்டாம் பாகத்தில் வீரனுக்கு வாய் முளைத்தது, பதில்கள் நாலாகச் சுருங்கின. எதை அழுத்தினாலும் கடைசியில் அர்த்தம் 'சரி'தான். அதுவும் அவன் பேசப்போகும் வசனத்தைக் காட்ட மாட்டார்கள், இரண்டு வார்த்தை மட்டும் போட்டிருப்பார்கள். தம்பியைப் பறிகொடுத்து அழும் ஒரு பெண்ணிடம் மகள் 'ஆறுதல் சொல்' என்பதை அழுத்தினாள். வீரன், "அழுது என்ன ஆகப்போகுது, வழியை விடு" என்றான்.

மகள் கையிலிருந்த கன்ட்ரோலரை சோபாவில் விட்டெறிந்தாள். பக்கத்தில் பெருமையோடு உட்கார்ந்திருந்த அப்பா, சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டார்.

அந்த வரியைப் பேசிய நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஸ்டுடியோவில் முன்னால் என்ன, பின்னால் என்ன என்று சொல்ல மாட்டார்கள். தாளில் தனித்தனி வரிகள் இருக்கும். கோபமாக ஒன்று, சலிப்பாக ஒன்று என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள். யாரிடம் சொல்கிறோம் என்று இவராவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மாதக்கணக்கில் வாளோடு பாய்ந்து கத்தி, நெருப்பில் விழுந்து அலறி, விதவிதமாகச் செத்துக் காட்டியதில் தொண்டை கெட்டதுதான் மிச்சம். டாக்டர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, இனிமேலும் கத்தினால் பேச்சே போய்விடும் என்றார். இவர் வீட்டில் ஜலதோஷம் என்று சொல்லிவைத்தார். அப்புறம் டாக்டர் இருக்கும் திசைக்கே போகவில்லை.

மகள் இணையத்தில் ரசிகர்களைத் திரட்டிக் கையெழுத்து வேட்டையில் இறங்கினாள். மூன்றாம் பாகத்தில் வீரனுக்குக் குரல் வேண்டாம், எங்கள் பதில்களை எங்களுக்கே திருப்பிக் கொடுங்கள் என்பது கோரிக்கை. வந்து சேர்ந்தவர்கள் தகர டப்பா, தூங்குமூஞ்சி என்று அந்தக் குரலைக் கழுவி ஊற்றினார்கள். அப்பா ஒன்று விடாமல் படித்தார். மகள் எழுதியவற்றில் மட்டும் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. நம் வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் சோறு இறங்கவில்லை. அம்மா இல்லாத பெண், கல்லூரியில்கூட யாரோடும் அதிகம் பேச மாட்டாள். அவள் மனம்விட்டுப் பேசிய ஒரே இடம் அந்த கேம்தான், அங்கேயும் போய் நாமே பேசித் தொலைத்துவிட்டோமே என்று மருகினார். இத்தனைக்குப் பிறகும் மூன்றாம் பாகத்துக்குக் கூப்பிட்டால் போவதாகத்தான் இருந்தார். அவள் மேல்படிப்புக்கு வேறு வழி தெரியவில்லை. போவேன் என்பது இன்னும் அதிகமாக உறுத்தியது.

ஒரு நாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ரசிகர்களின் எதிர்ப்பைத் தாங்க முடியவில்லையாம். மூன்றாம் பாகத்தில் பழையபடி வீரன் பேச மாட்டானாம். இரண்டு தடவை வருத்தம் தெரிவித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

ஹாலுக்கு வந்தார். மகளுக்கும் செய்தி எட்டியிருந்தது. துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், திரையை அணைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வேலைதான் போய்விட்டது, மனசிலிருக்கும் பாரத்தையாவது இறக்கி வைப்போம் என்று அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"உன் கேமைக் கெடுத்தது நான்தாம்மா. அந்தக் குரல் என்னுது."

"தெரியும்பா. முதல் காட்சியில அவன் தொண்டையைச் செருமினப்பவே தெரியும்."

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. தெரிந்தேதான் ஊரைக் கூட்டித் திட்ட வைத்தாளா என்று வலித்தது. ஆனால் கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றியது.

"அவ்வளவு மோசமாவாம்மா பேசியிருந்தேன்?"

இல்லை என்று தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"பதிலை எல்லாம் குறைச்சதுக்கு எனக்குக் கோவம்தான். அது வேற. டாக்டர் நம்ம வீட்டுக்கு போன் பண்ணார், நான்தான் எடுத்தேன். இனிமே கத்தப் போகாதீங்கன்னு நான் சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?"

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மகள் விடவில்லை.

"அந்தக் குரல் எனக்கு வீட்ல வேணும்பா."