பத்தரை மணி ரோந்து

வாலாம்பாள் மாமியின் பின்கட்டில் சாலோமி டீச்சர் ஈயச்சொம்பைத் திருடிக்கொண்டிருந்தாள்.

சொம்பு துவைக்கல்லின் மேல் கழுவிக் கவிழ்த்திருந்தது. உள்ளே மாமி அப்பளம் பொரிக்கும் சத்தம். சொம்பைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு, துவைக்கல்லில் கால் வைத்து, மூன்றடிச் சுவரைத் தாண்டித் தன் வீட்டுப் பக்கம் குதித்தாள்.

காலை மணி பத்தரை. பயப்பட ஒன்றுமில்லை. பத்தரைக்கு ரோந்து தெருவின் மேற்குக் கோடியில் இருக்கும்.

ரோந்து என்றால் ஒரே ஆள்தான். அவளுடைய கணவர், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் கிருபைராஜ்.

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்வித்தவள் அவள். இப்போதெல்லாம் கோயிலில் 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற எட்டாவது கட்டளை வரும்போது பாட்டுப் புத்தகத்தைத் தேடுகிறவள் போலக் குனிந்துகொள்கிறாள்.

வேறு வழி தெரியவில்லை. போன வருஷம், தொண்ணூற்று நாலு மார்ச்சில், அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றாள். ஜூனில் அவர் ஸ்டேஷனிலிருந்து. இரண்டு பிரம்பு நாற்காலிகளில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். முட்டு வலிக்கு நடக்கச் சொன்ன டாக்டரிடம், "எங்க போறதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்து அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். அவரோ, தெருவில் நாய் குரைத்தால்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவளைப் பயமுறுத்தியது அதுதான்.

ஒரு நாள் எதிர்வீட்டு வாசலில் கிடந்த செருப்பில் ஒன்றை எடுத்து ஒளித்து வைத்தாள். எதிர்வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் செருப்போடு வந்து முறையிட்டதும் கிருபைராஜ் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

மறுநாளே மூன்று வீட்டு கேட்டுகளில் கையெழுத்து நோட்டு தொங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் மணி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

அதன் பிறகு தேங்காய்த் துருவி, கோழிக்கூட்டுக் கதவு, பூந்தொட்டி. பக்கத்தில் வைத்தால் சந்தேகம் வரும் என்று கால்வாய்க்கரை வரை நடந்து போய்ப் புதரில் வைத்துவிட்டு வருவாள். இரண்டு நாளில் தடயம் பார்த்து அவர் மீட்டுக் கொண்டுவருவார்.

ஒன்றுதான் அவளுக்கு வருத்தம். "ரோந்து போறவன் ஒரே நேரத்துக்குப் போகப்படாதுலே, களவாணி மணி பாத்துட்டு உக்காந்திருப்பான்" என்று சர்வீஸில் போலீஸ்காரர்களை விரட்டியவர் அவர். இப்போது நோட்டில் தினமும் அதே பத்தரை. போதாததற்கு, "இப்ப மேற்க போறேன், பதினொண்ணுக்குத்தான் கிழக்க வருவேன்" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போகிறார். பாவம், வயசாகிவிட்டது.

சொம்பை இப்போதைக்கு அரிசி டிரம்மில் புதைத்துவிட்டு அவள் உலை வைத்தாள். பதினொன்றுக்கு ரோந்து முடிந்து அவர் வந்தார். பின்னாலேயே மாமி.

"ஸார், ஈயச்சொம்பு போயிடுத்து! இனிமே நான் எதுல ரசம் வைப்பேன்?"

கிருபைராஜ் பென்சிலை எடுத்தார். "கடைசியா எப்ப பாத்திய?"

"அலம்பிக் கவுத்து ஒரு மணி நேரம்கூட ஆகலை. இதோட பதினோரு களவு! எங்காத்துக்காரர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறார். நாளைக்கு நிஜப் போலீஸே வரட்டும்."

நிஜப் போலீஸ். மாமி போன பிறகும் அந்த வார்த்தை முற்றத்திலேயே நின்றது.

மத்தியானம் சாலோமி சோறு போட்டாள். அவர் தொடவில்லை. தலையைத் தொங்கப்போட்டு, அவள் கால்களிலேயே பார்வையை வைத்திருந்தார்.

"நாளையோட ரோந்து முடிஞ்சுதுட்டி" என்றார்.

மறுபடியும் அந்தப் பிரம்பு நாற்காலி. மறுபடியும் எதிரெதிரே பார்த்துக்கொண்டு உட்காருவது. அரிசி டிரம்மைப் போலீஸ் திறப்பதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. அவர் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய் டிரம்முக்குள் கையை விட்டாள். அரிசி ஒட்டிய சொம்பை அவர் இலைக்கு முன்னால் வைத்தாள்.

"களவாணி கிடைச்சாச்சு. செருப்புல இருந்து எல்லாம் நான்தான். உங்கள அந்த நாற்காலியில இருந்து எழுப்பணும்னுதான் செஞ்சேன். என்னைய என்ன செய்யணுமோ செய்யுங்க. நீங்க மட்டும் மறுபடி அங்கன போய் உக்காராதிய."

அவர் சொம்பைப் பார்க்கவில்லை. சோற்றில் கை வைத்தார்.

"மாமி வீட்டுச் சுவரை எப்படித் தாண்டுனே?"

"துவைக்கல்லுல ஏறி."

"மூணடி இருக்குமே?"

"இருக்கும்."

"கால்வாய்க்கரைக்குப் போக வர ஒண்ணரை மைல். அதுவும் நடந்தா?"

"பின்ன? களவாண்டதை ஆட்டோவுலயா கொண்டு போவாக?"

"பதினோரு களவுல ஒரு தடவைகூட எங்கண்ணுல படலியே, அது எப்படிட்டி?"

"நீங்கதான் பத்தரைக்கு மேற்க..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

கிருபைராஜ் குழம்புக்குச் சோற்றில் குழி பறித்தபடி கேட்டார்:

"முட்டு வலி இப்ப எப்படி இருக்கு?"