இரண்டாவது பயணி

மனிதன் எடுக்கும் முடிவுகளிலேயே மிகக் கனமானது பயணத் துணையைத் தேர்ந்தெடுப்பதுதான் என்று ஓய்வுபெற்ற தாசில்தார் அறவாழி நம்பினார். மனைவி காலமான பிறகு, எடுப்பதற்கு அவருக்கு வேறு முடிவும் இருக்கவில்லை. பூங்காவில் தினமும் உடன் நடக்கும் நண்பரை மூன்று மாதம் ரகசியமாகப் பரிசோதித்தார். நண்பர் தன் சர்க்கரை அளவைச் சொல்லி அறுக்கவில்லை; அறவாழி செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தால் நின்று காத்திருந்தார். ஒருவழியாக அறவாழி அவருக்கு முழு மதிப்பெண் போட்டார்.

“காசிக்கு வர்றீங்களா சார்?”

“எப்பக் கூப்பிடுவீங்கன்னுதான் சார் இருந்தேன். வீட்ல பேச ஆளா இருக்கு? இன்னிக்கே டிக்கெட் போட்டுடுங்க!”

அறவாழி ஓட்டமும் நடையுமாக ரயில் நிலையம் போனார். முன்பதிவுப் படிவத்தில் தன் பெயரை எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது. ஆறு வருடத்தில் நண்பரின் பெயரை அவர் கேட்டதே இல்லை.