குத்தம் பார்க்கிறவர்

தோசையின் ஒரு ஓரம் நன்றாகவே கருகியிருந்தது.

அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ராமமூர்த்தி. வயது எழுபத்தாறு. குரலுக்கு அந்த வயது தெரியாது.

"இன்னாம்மா இது? நடுவுல ஃபர்ஸ்ட், ஓரம் ரிஜெக்ட். நாலு நாளா இதே கதை."

"தீ ஜாஸ்தி ஆய்டுச்சு மாமா" என்று சமையலறையிலிருந்து பதில் மட்டும் வந்தது. மருமகள் அம்பிகா வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முந்தின நாள்தான் திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த மகள் நிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்ததிலிருந்து அவளும் பார்க்கிறாள். ரசத்தில் உப்பு இல்லை. சலவை செய்த சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லை. காலண்டரில் போன வாரத் தேதியே தொங்குகிறது. மனுஷன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கத்துகிறார், கேட்பாரில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் நாற்பது வருடம் செலக்‌ஷன் மாஸ்டராக இருந்தவர் அவர். மேஜையில் விரித்த தோலை ஒரு தடவு தடவினால் போதும். உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு, கத்தி பட்ட வெட்டு என்று அத்தனையும் சொல்லி, ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் எனத் தரம் பிரித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு இந்த வயதில் கருகல் தோசை.

அண்ணன் ராஜேஷ் ஷூ கம்பெனிக்குக் கிளம்பும்வரை நிஷா பொறுத்துக்கொண்டாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அப்பாவின் வேட்டி சட்டையைப் பையில் அடுக்கினாள். கையோடு கூட்டிப்போய்விடுவதென்று முடிவு. ஆனால் நாத்தனார் என்று ஒருத்தி இருந்துகொண்டு நாலு வார்த்தை கேட்காமல் போக முடியுமா? சமையலறைக்குள் நுழைந்தாள்.

"அம்மா போனப்பறம் அவருக்குன்னு யாரு இருக்கா அண்ணி? ஒரு தோசை ஒழுங்கா ஊத்த முடியலன்னா சொல்லுங்க. அப்பாவ நான் வச்சுப் பாத்துக்கறேன்."

அம்பிகா அடுப்பை அணைத்தாள். ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"அத்தை போனப்பறம் மூணு மாசம் எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன் நிஷா. ஒரு கொற வைக்கல. மாமா செவுத்தப் பாத்து படுத்துட்டாரு. எனக்கு இன்னும் இன்னா வேல இருக்குதுன்னு கேட்டாரு. உடம்புல ஒண்ணுமில்ல, மனச விட்டுட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நிஷாவுக்கு நினைவிருந்தது. அந்த நாட்களில்தான் பத்து நாள் தன் வீட்டில் வைத்திருந்தாள். வேளாவேளைக்குக் கஞ்சி, சுத்தமான படுக்கை, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். அப்பா பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"அப்புறம் ஒரு நாள் சாம்பார்ல உப்பு போட மறந்துட்டேன். விருட்டுன்னு எழுந்து உக்காந்து திட்டினாரு பாரு. திட்டிட்டு ரெண்டாம் தடவ சோறு கேட்டாரு. அன்னிலேர்ந்து தினம் ஏதாவது ஒண்ணு தப்பு பண்றேன். அந்தப் பட்டனக்கூட நான்தான் அறுத்தேன். நாளைக்கு இன்னா தப்பு பண்றதுன்னு யோசிச்சு யோசிச்சே எனக்கு பேஜாராய்டுது. மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத."

கொண்டு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று நிஷாவுக்குத் தெரியவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, பையைத் திறந்து வேட்டிகளைத் திரும்ப எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

ராமமூர்த்தி தட்டைக் காலி செய்திருந்தார். கருகல் ஓரத்தைக்கூட விடவில்லை. மகளைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டார்.

"உள்ள போய் அண்ணிய திட்டினியா?"

"இல்லப்பா. தோச தீஞ்சு போச்சேன்னு கேட்டேன்."

"கேக்காத. வெளிய தெரிஞ்சா அந்தப் பொண்ணுக்கு மனசு கஷ்டமாய்டும்." இன்னும் கிட்டே வரச் சொல்லி, காதோடு சொன்னார். "தானா விழுந்த கீறல் எது, வேணும்னே போட்ட கீறல் எதுன்னு நாப்பது வருஷம் தோல் பாத்தவனுக்குத் தெரியாதா? எனக்காக காலங்காத்தால எழுந்து ஒருத்தி இவ்ளோ மெனக்கெட்டு தப்பு பண்றா. நான் எழுந்து உக்காந்து திட்டலன்னா நல்லாவா இருக்கும்?"