குழாயில் ஆறு கோடு

"போர் போட்டியா, பொம்மை விளையாட்டு விளையாடினியா? பைப் பூமியை விட்டு மேல ஏறி வருதே!"

சலவைக்கூடத்து அக்கா இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். அவள் வாய்க்குப் பயந்தே துணி போடுகிறவர்கள் உண்டு என்று தெருவில் சொல்வார்கள். போர்க்குழாயோடு சேர்கிற இணைப்பு முறிந்து கொல்லையெல்லாம் தண்ணீர். உள்ளே விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடந்தன.

அந்த ஆழ்துளைக் கிணற்றைப் போட்டுத் தந்த போர்க்காரர் குனிந்து பார்த்தார்.

"நீயும் எங்க அண்ணன் மாதிரிதான் போல. அந்தப் பெரிய மேஸ்திரி சிமெண்டைத் தின்னுட்டு வெறும் மண்ணுல வீடு கட்டினாரு. என் வீடு, உன் வீடு சேர்த்து ஒன்பது வீடு, ஒன்பதும் விரிசல். கூடப்பிறந்தவர்னு பார்த்தா ஆகுமா? இந்தா, நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

நீட்டிய காகிதத்தைப் போர்க்காரர் படித்தார். பள்ளிக்கூட மதில் வேலையை அந்த மேஸ்திரிக்குக் கொடுக்கக் கூடாது என்று மனு. கீழே எட்டு வீட்டுக் கையெழுத்து. பேர் கெட்டுப்போய் ஆறு வருஷம் கழித்து அவருக்குக் கிடைத்திருக்கும் முதல் வேலை அது.

"வருஷா வருஷம் கூலி வாங்காம வந்து எல்லா வீட்டு விரிசலையும் பூசிட்டுப் போறாரே, அக்கா?"

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். வேற என்ன?"

அப்படி வரும் அண்ணனுக்கு அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

போர்க்காரர் கையெழுத்துப் போடாமலே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழாயில் அப்பியிருந்த சேற்றைத் துணியால் துடைத்தார். சிவப்பு பெயிண்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஆறு கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. மேல் கோடு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

"பைப் ஏறலை அக்கா. அது முந்நூறு அடிக்குக் கீழ கெட்டி மணல்ல நிக்குது. தரைதான் இறங்குது. இது ஆறு கொண்டு வந்து போட்ட வண்டல் பூமி. அடியில இருக்கிற தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச மண்ணு அமுங்குது, மேல இருக்கிற வீடெல்லாம் விரியுது. மேல இருக்கே, அந்தக் கோடு, அதுதான் முதல் வருஷம் தரை இருந்த இடம். பௌர்ணமி ஆனா கடல் தண்ணி சாக்கடை வழியா தெருவுக்குள்ள வருதே, சும்மாவா வருது?"

"கோடு நீ போட்டதா?"

கேட்ட பிறகுதான் அக்கா தேதியைப் பார்த்தாள். ஏழாம் எண்ணின் நடுவே சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த காலத்திலேயே அண்ணன் அப்படித்தான் எழுதுவார்.

"பூச வரும்போதெல்லாம் இதையும் அளந்துட்டுப் போவாரு," என்றார் போர்க்காரர்.

"எல்லாம் தெரிஞ்சும் அண்ணன் ஏன் வாயைத் திறக்கலை?"

"நானும் கேட்டேன். 'தெருவுல பெரிய மோட்டார் என் தங்கச்சியோடது. விஷயம் தெரிஞ்சா நிறுத்தச் சொல்லுவாங்க. மாப்பிள்ளை போனப்புறம் அவளுக்கு இதுதான் சோறு. என் பேர்தானே, போகட்டும்'னாரு. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடுமே." போர்க்காரர் தலையைத் தொங்கப்போட்டார். "நானும் யோக்கியன் இல்லக்கா. இதைச் சொன்னா அப்புறம் யாரு என்கிட்ட போர் போடுவா? ரெண்டு பேரும் மூடி மறைச்சோம். தெரு இறங்கிட்டே இருக்கு."

சலவைக்கூடத்தின் இன்னொரு போர் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே போய் அதை நிறுத்தினாள். ஆறு வருஷமாகக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டாள்.

"அண்ணா..."

அவள் முடிப்பதற்குள் மறுமுனையில் அண்ணனே பேசினார்.

"மனு விஷயமாத்தானே? கேள்விப்பட்டேன். உன்கிட்டயும் வந்து நின்னிருப்பாங்க. அண்ணனாச்சேன்னு தயங்காதேம்மா. நீ மட்டும் போடலைன்னா ஏன்னு கேப்பாங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடு."

அக்கா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். எட்டில் முதல் கையெழுத்து அவளுடையது.