பக்கத்து இருக்கை

காரின் ரேடியேட்டருக்கு அடியில் இருந்த ஸ்விட்சின் இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, மெக்கானிக் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். விசிறி சுற்றியது.

அப்படியானால் விசிறி நல்லது, பியூஸ் நல்லது. தண்ணீர் சூடானதும் விசிறியைப் போட்டுவிட வேண்டிய ஸ்விட்ச்தான் செத்துவிட்டது. டிராயிங் மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பின்னே? என் வண்டி என்றைக்குக் கொதித்து நடுரோட்டில் நிற்கிறதோ அன்றைக்கே விற்றுவிடுகிறேன் என்று மச்சானிடம் மீசையை முறுக்கியவர் அவர். பதினெட்டு வருஷம் நின்றதில்லை. மனைவி, மகளின் பிரசவத்துக்குப் போன இந்த மூன்று வாரத்தில் இரண்டு முறை ஆவி கக்கிவிட்டது. மச்சான் வாங்க ஆளே பார்த்துவிட்டார். நாளை மனைவியை அழைத்துக்கொண்டு ஒழுங்காக வீடு திரும்பினால் வண்டி பிழைத்தது.

மெக்கானிக் ஸ்விட்சைக் கழற்றி வெந்நீரில் முக்கி, ஒரு சின்ன பல்பை மாட்டிப் பார்த்தார். எரியவில்லை.

அப்போதுதான், அதே ஒயர்களோடு யாரோ முறுக்கி விட்டிருந்த வேறு இரண்டு ஒயர்கள் அவர் கண்ணில் பட்டன. சுற்றியிருந்த டேப் தொட்டதும் உதிர்ந்தது. இது ஏழெட்டு வருஷத்து வேலை, ஸ்விட்ச் அப்போதே போயிருக்கிறது என்றார்.

ஏழெட்டு வருஷமாக விசிறி இல்லாமலா வண்டி ஓடியது? மாஸ்டருக்குச் சிரிப்புதான் வந்தது.

மெக்கானிக் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார்.

"முன்சீட்ல உங்க பக்கத்துல யாரு சார் உக்காருவாங்க?"

அங்கே, உட்காருபவரின் முழங்காலுக்கு மேலே, மேஜை விளக்கில் இருப்பது போல ஒரு குட்டி ஸ்விட்ச். விரல் பட்டுப் பட்டுப் பளபளத்திருந்தது. தட்டினார். முன்னால் விசிறி சுற்றியது.

மாஸ்டர் பயிற்சிக்காக இரண்டு மாதம் வெளியூர் போன வருஷம், வண்டியை சர்வீசுக்கு விட்டது அவர் மனைவிதான். புது ஸ்விட்ச் கிடைக்காமல் யாரோ செய்து கொடுத்த ஏற்பாடு. மச்சானிடம் விட்ட சவால் அவளுக்குத் தெரியும். மூச்சு விடவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அவர் சைக்கிளில்தான் போவார். கார் எடுத்தால் பக்கத்தில் அவள் இருப்பாள். கண்கொத்திப் பாம்பு மாதிரி மீட்டரையே பார்ப்பாள். எட்டு மணி நேரப் பயணமானாலும் கண்ணயர மாட்டாள். என் ஓட்டுதலில் அவளுக்கு நம்பிக்கையில்லை என்று அவர் சொல்லிக் குறைப்படாத ஆள் கிடையாது.

அடி கெட்டிக்காரி என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். மெக்கானிக்கும் ஆமோதித்துத் தலையாட்டினார்.

புது ஸ்விட்ச் மாட்டியாயிற்று. பழைய குட்டி ஸ்விட்சைக் கழற்றப் போன மெக்கானிக்கின் கையை மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அது இருக்கட்டும்.

மறுநாள் திரும்பும்போது நெரிசலில் வண்டி ஊர்ந்தது. சூடு காட்டும் ஊசி ஏறியது. பேத்தியின் மூக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவளின் கை, பேச்சு நிற்காமலே டேஷ்போர்டுக்கு அடியில் போனது.

அவள் தொடுவதற்குள் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கியது. கை அப்படியே நின்றது. பேச்சும் நின்றது.

மாஸ்டர் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

"நீ தூங்கு. இனிமே அதுவே போட்டுக்கும்."

அவள் கையை எடுத்துக்கொண்டு இருக்கையில் சாய்ந்தாள். நெரிசல் தாண்டுவதற்குள் குறட்டை கேட்டது.