பேட்ஜ் வரவேண்டிய முகவரி

அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் மாலை வெயில் பாறையின் உச்சியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வாடகைக்கு எடுத்த டிரெய்லருக்குள் சாந்தாமணி குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு விசிலுக்குக் காத்து நிற்கிறாள். பருப்புக்கு மூன்று விசில். வெளியே மர மேசையில் மகள் வெண்பா, பூங்கா ரேஞ்சர் கொடுத்த சிறுவர் பேட்ஜுக்கான படிவத்தை நாக்கைக் கடித்தபடி நிரப்புகிறாள். எதிரே சபரிநாதன் ஆறிப்போன காபியைக் கையில் வைத்திருக்கிறான். அவனுக்கு வேலை போய்ப் பத்து நாளாகிறது. அதோடு விசாவும் போகிறது; சில வாரங்களில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. டிரெய்லரை ஏப்ரலிலேயே புக் பண்ணியாகிவிட்டதென்று கிளம்பி வந்துவிட்டான். முதல் விசில் அடிக்கிறது. "டாடி, பேட்ஜ் சிக்ஸ் வீக்ஸ்ல வீட்டுக்கு மெயில் பண்ணுவாங்களாம். வாட்ஸ் அவர் ஜிப் கோட்?" அவன் வாய் திறப்பதற்குள் இரண்டாவது விசிலும் வந்துவிடுகிறது. "ஃப்ரீமான்ட் வீட்டு அட்ரஸ் வேண்டாம் சாமி. ஊர்ல, பெருந்துறை அப்புச்சி வீட்டு அட்ரஸ எழுது." குழந்தை சிரிக்கிறது. "பட் வீ டோன்ட் லிவ் தேர்!" ஜன்னல் வலைக்குப் பின்னால் சாந்தாமணியின் முகம் அப்படியே நிற்கிறது. மூன்றாவது விசில் அடிக்கிறது. நான்காவது. ஐந்தாவது. அடுப்பு அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.