அரக்குக்குப் போட்ட தீனி

சிட்டிபாபுவின் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று விடிந்ததிலிருந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

கொல்லையில் அரக்கு வேகவைத்த கொள்ளை மென்றுகொண்டிருந்தது. ஒன்றரை வயசுக் குதிரைக்குட்டி. அரக்குப் பட்டின் நிறம் என்பதால் அந்தப் பெயர்.

அதன் முதுகில் வெயில் பட்டதும் பாழாய்ப்போன உடம்பு பளபளவென்று மின்னியது.

மின்னக் கூடாது. இன்றைக்கு ஒரு நாளாவது மின்னித் தொலைக்கக் கூடாது.

சிட்டிபாபு மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையும் சாரட்டும் வாடகைக்கு விடுகிறவர். ஒரு கல்யாணத்துக்காக எங்கள் கொல்லையில் கட்டிவைத்திருந்த அவருடைய குதிரை இங்கேயே குட்டி போட்டது. போட்ட கையோடு செத்தும் போனது.

"குட்டிய நீயே வளத்துப் பாருபா. பட்டு கணக்கா மின்னுச்சின்னா வந்து ஓட்டிக்கினு போறேன். இல்லன்னா நீயே வச்சிக்கோ" என்று எங்கள் வீட்டுக்காரர் கலியாணசுந்தரத்திடம் சொன்னார் சிட்டிபாபு.

இவரும் மண்டையை ஆட்டிவிட்டார். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று தறியில் உட்கார்ந்திருக்கிற மனுஷன். ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டால் கழுத்தே போனாலும் மாற மாட்டார்.

பால்புட்டியைப் பிடித்துக்கொண்டு தூக்கம் கெட்டவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

மினுமினுப்புக்கென்று சிட்டிபாபு மாசாமாசம் ஆளிவிதை அனுப்பினார். அதைப் பொடித்துக் கொள்ளோடு பிசைந்து, மேலே நல்லெண்ணெய் விட்டு வைக்க வேண்டுமாம். கொள்ளு, தவிடு, அருகம்புல் எதிலும் நான் குறை வைக்கவில்லை. வாயில்லா ஜீவன் வயிற்றில் அடிக்க எனக்கு மனசு வராது. ஆளிவிதையையும் எண்ணெயையும் மட்டும் அதன் கண்ணில்கூடக் காட்டவில்லை.

விதையை வறுத்து, மிளகாயோடு அரைத்து, இட்லிக்குப் பொடியாக்கி, அந்த நல்லெண்ணெயிலேயே குழைத்து எங்கள் வீட்டுக்காரருக்குப் போட்டேன். ஐம்பது வயசில் அவர் தலைமுடி கருகருவென்று மின்னியது. என்ன எண்ணெய் தடவுகிறார் என்று பக்கத்து வீட்டு ஜெயம்மாள் என்னிடம் கேட்டாள்.

அப்படியும் இந்தக் கழுதை மின்னுகிறதே! இள ரத்தம். அதை யார் என்ன செய்ய முடியும்?

எங்கள் வீட்டுக்காரர் அடுப்பில் அரிசிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். தறியில் ஏற்றுமுன் பட்டு நூல் பாவுக்குத் தடவுகிற கஞ்சி. இன்றைக்குமா வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ போயி வாசல்ல நில்லுமா. குட்டிய நான் குளுப்பாட்டி வைக்கிறேன்" என்றார்.

தூக்கிக் கொடுப்பதற்கு எவ்வளவு அவசரம் பாருங்கள்! போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று எழுந்து நின்றேன். மறுபடியும் உட்கார்ந்தேன்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு சிட்டிபாபு வந்தார். நேராகக் கொல்லைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

குட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதுகில் எதிர்வாட்டமாகக் கையை ஓட்டினார். முடி குத்திட்டு நின்றது. சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடந்தது. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

"என்னாபா கலியாணம், சாக்கு கணக்கா இருக்குது? இதுமேல எந்த மாப்பிள்ள ஏறுவான்?"

"நீங்க பாக்குறதுதாண்ணே" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

"நீயே வச்சிக்கோ, போ!" என்று சிட்டிபாபு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் அரக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கன்னத்தில் முடி சொரசொரவென்று குத்தியது.

கஞ்சி.

வாசலில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனே, கஞ்சி தடவத் தெருவில் யாரும் பாவு நூலை நீட்டிக் கட்டவில்லை. கஞ்சிப் பானை காலியாகக் கிடந்தது. பாவு தேய்க்கிற பிரஷ் ஆணியில் உலர்ந்து தொங்கியது.

கஞ்சி தடவினால் ஈரம் காய்வதற்குள் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தால்தான் பட்டு மின்னும். விட்டால் விறைத்து மங்கிப்போகும். இத்தனை வருஷத்தில் அந்தத் தப்பை அவர் ஒரு பாவிலும் செய்து நான் பார்த்ததில்லை.

அவர் ஒன்றும் நடக்காததுபோலக் குழாயடியில் வாளியை வைத்துத் தண்ணீர் பிடித்தார். கந்தல் துணியை நனைத்து அரக்கின் முதுகைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடம் மறுபடியும் மின்னியது.

"தையலு, பசிக்குது. நாலு இட்லி வையி" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "அந்த ஆளிவெதப் பொடி இருந்தா போடு. எண்ணெய தாராளமா ஊத்து."

இத்தனை நாளும் அதை எள்ளுப் பொடி என்றுதான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.